கடிகாரக்காரர்கள் செய்த தூண்டில் ரீல்: மெல்லிய நூலுக்காக ஒரு 200 வருடப் போராட்டம்

கடிகாரத்துக்கும் மீன் பிடிக்கும் தூண்டிலுக்கும் என்ன சம்பந்தம்? மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் ‘பெய்ட்காஸ்டிங் ரீல்’ என்கிற சாதனத்துக்கு உருவம் கொடுத்தவர்களும் கடிகாரக்காரர்கள்தான். நூறு வருடம் கழித்து அதைத் திருத்தியவர்களும் கடிகாரக்காரர்கள்தான்! மெல்லிய நூலுக்கு எந்த ரீல் வாங்கலாம் என்று கடையில் குழம்பி நிற்பவருக்கு, விலைப்பட்டியலை விட இந்தப் பழைய கதை அதிகம் உதவும்.

முதலில் இந்த ரீலின் அடிப்படைப் பிரச்சினையைப் பார்த்துவிடுவோம். தூண்டிலை வீசியதும் இரை பறக்கிறது. அது நூலை இழுக்கிறது, நூல் ஸ்பூலைச் சுழற்றுகிறது. சிறிது தூரம் போனதும் காற்று தடுப்பதால் இரையின் வேகம் குறைகிறது. ஸ்பூலுக்கு அது தெரியாது! அது பழைய வேகத்திலேயே சுற்றி நூலைக் கக்கிக்கொண்டே இருக்கும். வெளியே போக வழியில்லாத நூல் ரீலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். இதற்குப் பெயர் ‘பேக்லாஷ்’. அமெரிக்கர்கள் இந்தச் சிக்கலைக் கிண்டலாகக் குருவிக்கூடு என்பார்கள்.

கதை தொடங்குவது பாரிஸில். பிரான்ஸில் உள்ள பாரிஸ் அல்ல, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள சின்ன ஊர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் அங்கே கடிகாரமும் வெள்ளிச் சாமான்களும் செய்துவந்தார். மீன் பிடிப்பதில் பைத்தியம். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் பல சுற்று சுற்றுகிற பல்சக்கர ரீல்கள் இங்கிலாந்தில் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் அவ்வளவு நேர்த்தி கிடையாது. ஸ்னைடர் கடிகாரம் செய்யும் துல்லியத்தை ரீலுக்குக் கொண்டுவந்தார். பின்னால் அதே மாநிலத்தின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் மீக் சகோதரர்களும், அவர்களிடம் தொழில் கற்ற பெஞ்சமின் மைலமும் இந்தக் கலையை வளர்த்தார்கள். ‘கென்டக்கி ரீல்’ என்றால் தனி மரியாதை வந்தது.

அந்த ரீல்களில் வீச்சைக் கட்டுப்படுத்தும் பிரேக் கிடையாது. கட்டை விரல்தான் பிரேக். முள்ளில் கோத்த சின்ன மீனை வீசும்போது, ஸ்பூலை விரலால் லேசாகத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். பழகியவருக்கு வீணை மாதிரி, பழகாதவருக்கு வேதனை!

அடுத்து வந்தவர் மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ நகரைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர். நாடகாசிரியர் இல்லை, 1897-ல் ரீல் கம்பெனி தொடங்கியவர். நூலை ஸ்பூலில் இடவலமாகச் சீராகச் சுற்றித்தரும் அமைப்பைப் பிரபலமாக்கினார். வசதிதான். ஆனால் வீசும்போது இந்த அமைப்பையும் சேர்த்து நூல் இழுக்க வேண்டியிருந்தது. கனமான இரைக்கு இது பெரிய விஷயமில்லை. இலேசான இரைக்கோ இன்னொரு சுமை.

இந்த இடத்தில்தான் போட்டியாளர் நுழைகிறார். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஜவுளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே ஆலை நடத்திய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், 1905-ல் ஒரு புது ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் வீசும்போது ஸ்பூல் சுழலவே சுழலாது. நூல்கண்டின் முனைப்பக்கமாக நூலை உருவினால் கண்டு அசையாமல் நூல் மட்டும் உதிருமே, அதே தத்துவம். ஸ்பூல் சுழலாவிட்டால் பேக்லாஷுக்கு இடமேது? 1938-ல் டுபாண்ட் நைலானை அறிவித்தது. நைலான் நரம்பும் இந்த ரீலும் கைகோத்ததும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மெல்லிய நூல் ஆட்டம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. சுழலும் ஸ்பூல் தடித்த நூலுக்கும் கனமான இரைக்கும் என்று ஒதுங்கியது.

அப்போது ஸ்வீடனில் ஒரு கடிகாரக் கம்பெனி. 1921-ல் தொடங்கிய அதன் சுருக்கப் பெயர் ‘அபு’. டாக்ஸி மீட்டர் தயாரித்துப் பிழைத்துவந்தது. உலகப் போர் வந்ததும் மீட்டர் வியாபாரம் படுத்துவிட்டது. இயந்திரங்களும் தொழிலாளிகளும் சும்மா இருக்கக்கூடாதே என்று ரீல் பக்கம் திரும்பினார்கள். 1952-ல் வந்த சிவப்பு நிற ‘அம்பாசடர் 5000’ உலகப் புகழ் பெற்றது. ஸ்பூல் வேகமாகச் சுற்றும்போது உள்ளே சின்னத் துண்டுகள் வெளிப்பக்கம் ஒதுங்கி உரசி வேகத்தைக் குறைக்கும். கட்டை விரலுக்கு ஒரு துணை கிடைத்தது. 1980-களில் ஜப்பானியர்கள் உரசலே இல்லாத காந்த பிரேக்கைப் பரப்பினார்கள். 2000-களில் ஷிமானோ, ஸ்பூல் வேகத்தைக் கணித்துப் பிரேக் போடும் மின்னணு ரீலையே கொண்டுவந்தது.

இத்தனை வந்தும் 3 கிராம் இரையை வீச முடிந்ததா? சரியாக முடியவில்லை. காரணம் எளிமையானது. பிரேக் என்பது ஓடுகிற ஸ்பூலை அடக்குவதற்கு. நிற்கிற ஸ்பூலைக் கிளப்ப அதனால் முடியாது!

ஒரு சின்னக் கணக்கு. 0.35 மி.மீ. நைலான் நரம்பு 100 மீட்டர் சுற்றினால் நரம்பு மட்டுமே சுமார் 11 கிராம். ஸ்பூலின் எடை தனி. 3 கிராம் இரை, தன்னைப்போல பல மடங்கு எடையைச் சுழற்றிக் கிளப்ப வேண்டும். கன்றுக்குட்டி பார வண்டியை இழுத்த கதைதான். அதே நரம்பு 0.235 மி.மீ. தடிமனில் 45 மீட்டர் என்றால் சுமார் 2 கிராம்தான்.

ஜப்பானில் ‘பெய்ட் ஃபினெஸ்’ என்ற பெயரில் வளர்ந்த முறை இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டது. ஸ்பூலின் ஆழத்தைக் குறைத்தார்கள், சுவரில் துளை போட்டார்கள், பேரிங்கைச் சிறிதாக்கினார்கள். 10 கிராமுக்கும் குறைந்த எடையில் ஸ்பூல்கள் வந்தன. 2012-ல் ஷிமானோவின் ‘ஆல்டிபரான் பி.எஃப்.எஸ்.’ போன்றவை கடைக்கு வந்தபோது, சுழலும் ஸ்பூல் தான் இழந்த இடத்தில் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டது.

ஆகவே மெல்லிய நூலுக்கு ரீல் வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது பிரேக்கில் எத்தனை நிலை என்று அல்ல. ஸ்பூலின் எடை எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று. ஸ்பூல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் மெல்லிய நூல் அதற்குள் நழுவி அறுந்துவிடும். ஏற்கனவே ஆழமான ஸ்பூல் ரீல் கையில் இருந்தால், புது ரீலுக்குப் பதில் அதே மாடலுக்கு ஆழம் குறைந்த ஸ்பூல் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம். அதுவும் இல்லாவிட்டால் நூலைக் குறைத்துச் சுற்றலாம். அதற்குக் காசே வேண்டாம்.

பிரேக், காந்தம், மின்னணு எல்லாம் வந்த பிறகும் கடைசி நேரத்தில் ஸ்பூலை நிறுத்துவது இன்றும் கட்டை விரல்தான். அந்த ஒரு விஷயத்தில் ஸ்னைடர் காலத்து ரீலும் இன்றைய ரீலும் ஒன்றுதான்.