அமேதே ஆர்ட்வானின் 34 பாட்டுகள்

பழைய சினிமாப் பாட்டுகளில் வரும் அக்கார்டியன் எனக்குப் பிடிக்கும். யூடியூபில் அதைத் தேடியபோது கிடைத்தவர் அமேதே ஆர்ட்வான். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கறுப்பினப் பாடகர், பாடியது பிரெஞ்சில்.

கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரக்கூடாத காலம் அது. ஆனாலும் 1929-இல், வெள்ளைக்காரரான டென்னிஸ் மக்கீ வயலின் வாசிக்க, இவர் இசைத்தட்டில் பாடினார்.

ஒரு நடன விருந்தில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி இவருக்கு வியர்வை துடைக்கக் கைக்குட்டை கொடுத்தாளாம். அதற்காகவே இவரை அடித்துப் போட்டார்கள் என்பது அங்குள்ளவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

1942-இல் பைன்வில் மனநல மருத்துவமனையில் இறந்தார். புதைத்த இடத்துக்கு அடையாளம் இல்லை. 34 பாட்டுகள் இருக்கின்றன. லூசியானாவின் அக்கார்டியன்காரர்கள் இன்றும் அவற்றை வாசிக்கிறார்கள், கறுப்பரும் வெள்ளையரும். கேட்டுப் பாருங்கள்.