கருத்தடைக் குச்சியை அகற்றக் கோரும் உரிமை

கருத்தடை மாத்திரையை ஒரு பெண் தானாகவே நிறுத்திவிடலாம். கையில் பொருத்தப்படும் கருத்தடைக் குச்சியை (இம்ப்ளாண்ட்) அவ்வாறு நிறுத்த இயலாது. அதை வெளியே எடுக்கப் பயிற்சி பெற்ற இன்னொருவர் வேண்டும். ஆகவே, பொருத்தும்போது பெற்ற ஒப்புதல் மெய்யானதா என்பதை, அகற்றக் கோரும்போது மருத்துவமனை நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டே நாம் அளவிட வேண்டும். 2023 முதல் ஒன்றிய அரசு சில மாநிலங்களின் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் இம்முறையைப் பொதுச் சுகாதாரத் திட்டத்திற்குள் கொண்டுவரத் தொடங்கியிருப்பதால், இக்கேள்வி இப்போதே எழுப்பப்பட வேண்டியது.

அகற்றும் முறை

ஒற்றைக் குச்சி 4 செ.மீ. நீளமும் 2 மி.மீ. தடிமனும் கொண்டது. மேற்கையின் உட்புறத்தில், தோலுக்குச் சற்றுக் கீழே இருந்து 3 ஆண்டுகள் எட்டோனோஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோனை வெளியிடும். ஒழுங்கற்ற உதிரப்போக்கே பலரும் இதை முன்கூட்டி அகற்றக் கோரும் காரணம். குச்சியைத் தடவிக் கண்டறிந்து, அவ்விடத்தை ஊசியால் மரத்துப்போகச் செய்து, சிறு கீறல் வழியே எடுப்பார்கள். சில நிமிட வேலைதான். மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. கைக்குத் தட்டுப்படாவிட்டால், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் மூலம் இடத்தை உறுதிசெய்யாமல் கீறக் கூடாது. அகற்றியபின் கருத்தரிக்கும் வாய்ப்பு விரைவில் திரும்பும். மாற்று முறை வேண்டுவோர் அன்றே பெற வேண்டும்.

யார் கையில் பொருத்தப்பட்டது?

1991 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் விசாலியா நகர நீதிபதி ஒருவர், தண்டிக்கப்பட்ட கருப்பினத் தாய்க்கு நார்பிளாண்ட் குச்சிகளைப் பொருத்துவதை நன்னடத்தை விடுவிப்பின் நிபந்தனையாக விதித்தார். 2013 ஆகஸ்ட் 31 அன்று, இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஊர்களின் தமிழ்த் தாய்மார்களுக்கு, குழந்தைகளுக்கான மருத்துவச் சேவை என்று அழைத்து ஜடெல் குச்சிகள் பொருத்தப்பட்டதாகப் புகார் எழுந்தது. மறுத்தால் மருத்துவமனைச் சேவை கிடைக்காது என அச்சுறுத்தப்பட்டதாகவும் பெண்கள் கூறினர். ஜடெல் 5 ஆண்டுகள் செயல்படுவது. பொருத்தும்போது மறுக்க முடியாதவர், அதே மருத்துவமனைக்குச் சென்று அகற்றக் கோருவது எளிதன்று.

சட்டம் சொல்வது

சமீரா கோலி வழக்கில் (2008), போதிய விவரம் அளித்துப் பெறுவதே ஒப்புதல் என்றது உச்ச நீதிமன்றம். சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் (2009), இனப்பெருக்கம் குறித்த தேர்வு அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரம் என்றது. பிலாஸ்பூர் முகாம் மரணங்களுக்குப் பின் வந்த தேவிகா பிஸ்வாஸ் தீர்ப்பு (2016), கருத்தடை அறுவைச் சிகிச்சை முகாம்களை 3 ஆண்டுகளுக்குள் கைவிடப் பணித்தது. இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால், ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் அதில் அடங்கும் என்பதே நம் வாதம். அகற்றுவதற்குக் கணவரின் கையொப்பம் சட்டத்தின் தேவை அன்று.

மலையடிவாரத்தில்

சிலமலை, போடி வட்டாரத் தலித் குடியிருப்புகளிலிருந்து ஜீப்பேறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்ணுக்கு, ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற பதில் இன்னொரு நாள் கூலி இழப்பு. வேலைக்காட்டில் கழிப்பறையின்றி நாள் முழுதும் உதிரப்போக்கோடு நிற்பவரிடம் ‘கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்’ என்று மீண்டும் மீண்டும் சொல்வதும் மறுப்பே. பொருத்துவது ஒரு மாநிலத்தில், அகற்றுவது இன்னொரு மாநிலத்தில் என்றாகும்போது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது மேலும் எளிது.

எனவே, பொருத்தும் நாளிலேயே தேதி, குச்சியின் பெயர், காலாவதி, அகற்றும் இடம் ஆகியவை எழுதிய அட்டையைக் கேட்டுப் பெற வேண்டும். அகற்ற மறுத்தால், கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சேவை தரும் அரசு மருத்துவமனை, 1995ஆம் ஆண்டின் வி.பி. சாந்தா தீர்ப்பின்படி நுகர்வோர் நீதிமன்ற வரம்புக்குள் வராது. தேனி மாவட்டத்தினர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 226ஆம் பிரிவின்கீழ் நீதிப்பேராணை கோரலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் (1987) 12ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது.

மாணவர்களும் இயக்கத்தினரும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டியவை மூன்று: பொருத்தப்பட்டவை எத்தனை, கோரிக்கையின்பேரில் அகற்றப்பட்டவை எத்தனை, அகற்றப் பயிற்சி பெற்றோர் எந்தெந்த நிலையங்களில் உள்ளனர். முதல் எண்ணை மட்டும் சாதனையாகக் காட்டும் திட்டத்தை நாம் ஏற்க இயலாது.