வெள்ளைத் தூள் வந்த வழி

பெரகல சந்தியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று அப்புத்தளை, பண்டாரவளை என்று பதுளைப் பக்கம் போகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. மூடுபனி விலகிய காலைகளில் இங்கிருந்து தெற்கே பார்த்தால் தாழ்நிலம் கண்ணுக்கு எட்டிய மட்டும் விரிந்து கிடக்கும். நம் தாத்தா பாட்டி காலத்தில் அந்த இறக்கம் வெறும் இறக்கமாக இருக்கவில்லை. மேலே குளிர், கீழே போகப் போக நடுக்கக் காய்ச்சல். நுளம்பின் உடலுக்குள் மலேரியாக் கிருமி வளர வெப்பம் வேண்டும். ஏறத்தாழ 16 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அது வளராது. பிரிட்டிஷார் பக்கத்துத் தியத்தலாவையின் குளிர்ந்த உயரத்தில் முகாம் அமைத்தார்கள். கீழே வாழ்ந்த சனங்களுக்கு அப்படியொரு உயரம் வாய்க்கவில்லை.

அந்தக் காய்ச்சலைத் துரத்த வந்த ஒரு வெள்ளைத் தூளின் கதை இது. டி.டி.டி. என்ற பெயரைத் தோட்டங்களில் கேட்காத மூத்தவர்கள் குறைவு. ஆனால் அது எங்கே பிறந்தது, யார் கையைப் பிடித்துக்கொண்டு நம் சுவர் வரைக்கும் வந்தது என்று நாம் பேசுவதேயில்லை.

1874இல் ஒத்மார் சைட்லர் என்ற மாணவர் அதை முதலில் தயாரித்தார். எதற்கு உதவும் என்று அவருக்குத் தெரியாது. 65 ஆண்டுகள் அது சும்மா கிடந்தது. 1939இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், கைகி கம்பனியின் வேதியியலாளர் பவுல் முல்லர், பூச்சி தொட்டாலே சாகும் குணம் அதற்கு உண்டென்று கண்டுபிடித்தார். அவருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது.

தூளை உலகமெங்கும் அனுப்பியது யுத்தம். 1942இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோவில் இருந்த பூச்சியியல் ஆய்வுகூடத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. எட்வர்ட் நிப்ளிங் தலைமையில் அங்கே வேலை செய்தவர்கள், படைகளுக்காகப் பேனையும் நுளம்பையும் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்தார்கள். 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சல் வெடித்தபோது, பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் சட்டைக்குள் தூள் ஊதப்பட்டது. குளிர்காலத்தின் நடுவிலேயே அந்த நோய் அடங்கியது.

ஆனால் மலேரியாவுக்கு ஆட்களின் மேல் தூவிப் பயனில்லை. படைப் பூச்சியியலாளர்களின் அறிவு துலங்கியது இந்த இடத்தில்தான். எந்த நுளம்பு கடிக்கிறது, எத்தனை மணிக்குக் கடிக்கிறது, கடித்த பிறகு எங்கே போய் உட்காருகிறது என்று அவர்கள் இரவிரவாக விழித்திருந்து பார்த்தார்கள். இரத்தம் குடித்த பெண் நுளம்புக்கு உடம்பு கனக்கும். வெகுதூரம் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் ஒதுங்கும். அந்தச் சுவரில் மருந்து காய்ந்து படிந்திருந்தால் போதும். மாதக்கணக்கில் அது கொல்லும் வலுவோடு இருக்கும். வீட்டுச் சுவரையே பொறியாக்கிய இந்த யோசனையைத்தான் நான் அந்தத் தூளைவிடப் பெரிய கண்டுபிடிப்பாக மதிக்கிறேன்.

நம் பக்கத்துப் போர்முனையில் நிலைமை இன்னும் மோசம். 1943இல் பர்மா எல்லையில், காயம்பட்டு அனுப்பப்பட்ட ஒவ்வொரு சிப்பாய்க்கும் 120 பேர் நோயால் அனுப்பப்பட்டதாகத் தளபதி வில்லியம் ஸ்லிம் எழுதியிருக்கிறார். அவர் படைப்பிரிவுகளில் திடீர்ச் சோதனை வைத்தார். தோலை மஞ்சளாக்கும் மெபக்கிரின் குளிசையைத் தன் ஆட்கள் ஒழுங்காக விழுங்குவதை உறுதிசெய்யாத அதிகாரிகள் மூவரைப் பதவியிலிருந்து நீக்கினார். குளிசை, டி.டி.டி., காயக்காரரை ஏற்றிச்செல்லும் விமானம் எல்லாம் சேர்ந்துதான் அந்தப் படையைத் தூக்கி நிறுத்தின. 1944 ஏப்ரலில் அந்தப் போர்முனையை நடத்திய தென்கிழக்காசியப் படைத் தலைமையகமே கண்டிக்கு, பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது.

இலங்கையில் இந்தத் தூளுக்கு முன்பே வேலை தொடங்கியிருந்தது. மலேரியா தடை இயக்கம் 1911இல் குருநாகலில் ஆரம்பமானது. நீர்நிலைகளில் எண்ணெய் ஊற்றினார்கள், குயினைன் கொடுத்தார்கள். 1934இல் மழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, படுகையில் தெளிந்த குட்டைகள் வெயிலில் கிடந்தன. அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்புக்கு இதைவிட நல்ல தொட்டில் கிடையாது. 1935க்குள் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். அந்த மலேரியாக் கொள்ளைநோயை ஆராய வந்தவரும் ஒரு படை மருத்துவரே. இந்திய மருத்துவச் சேவையைச் சேர்ந்த கர்னல் சி. ஏ. கில், பஞ்சாபின் கொள்ளைநோய்களைப் படித்துத் தேர்ந்தவர். மழைதான் நுளம்பைக் கொண்டுவரும் என்று நம்பியிருந்த நாட்டில், மழை இல்லாமையும் கொண்டுவரும் என்று அந்த வருடம் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

யுத்தம் முடிந்து 1946இல் சுவர்களுக்கு மருந்தடிப்பு பரவலாக வந்தது. இயக்கத்தை நடத்தியவர்களில் டாக்டர் எஸ். இராஜேந்திரம் என்ற தமிழர் முக்கியமானவர்.

மருந்தடிப்பவரின் வேலை பார்வைக்குச் சுலபம். முதுகில் அல்லது தோளில் பம்பு. முனை சுவரிலிருந்து 45 சென்றிமீற்றர் தள்ளி நிற்க வேண்டும். கிட்டப் போனால் மருந்து வழிந்தோடும், எட்டப் போனால் சுவரில் படியாமல் காற்றில் கலக்கும். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே, ஒரு பட்டை மற்றப் பட்டையின் ஓரத்தைத் தொட்டபடி அடிக்க வேண்டும். ஒரு சதுர மீற்றருக்கு 2 கிராம் டி.டி.டி. படிய வேண்டும் என்பது கணக்கு. லயத்துக் காம்பராவுக்குள் இதைச் செய்வது லேசான காரியமா? அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ். பாத்திரம், அரிசி, பாய், சாமிப்படம் எல்லாவற்றையும் இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். மண் சுவர் மருந்தை உறிஞ்சிவிடும். அதன் மேல் சாணி மெழுகினாலோ, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தாலோ படிந்த மருந்து மூடிப்போகும். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் நம் பெண்களின் வழக்கமே மருந்துக்குத் தடையானது. ஒவ்வொரு வாசலிலும் நின்று விளக்கிச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது அதனால்தான்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. மலேரியாக் கிருமிக்கோ அந்த எல்லை தெரியாது. ஒரு லயத்தை விட்டுவிட்டு அடுத்த கிராமத்துக்கு மட்டும் மருந்தடித்தால் நோய் போகாது. பூச்சியியல் அந்த வகையில் நேர்மையான அறிவியல். நுளம்பு பறக்கும் தூரத்துக்குள் இருக்கிற அத்தனை பேரையும் அது கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

1946இல் சுமார் 28 இலட்சம் பேருக்கு வந்த மலேரியா, 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கு மட்டும் வந்தது. சாவு விகிதமும் 1946-47இல் ஒரே வருடத்தில் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்து 14 அளவுக்கு இறங்கியது. அதற்கு அரிசிப் பங்கீடும் ஆஸ்பத்திரிகளும் எவ்வளவு காரணம், தூள் எவ்வளவு காரணம் என்று ஆய்வாளர்கள் நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள். எல்லாப் புகழையும் தூளுக்கே கொடுப்பதை நானும் ஏற்கவில்லை.

17 என்ற எண்ணைப் பார்த்ததும் மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. பணம் குறைந்தது, கண்காணிப்பு தளர்ந்தது. 1967-68இல் மழை குறைய, எலஹெர பக்கத்து மாணிக்கக் குழிகளில் நீர் தேங்க, நோய் திரும்பி வந்தது. 1969இல் 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் படுத்தார்கள். மறுபடி தூளை எடுத்தபோது அதன் வலு போயிருந்தது. பூச்சியியலாளர்களின் சோதனை எளிமையானது. டி.டி.டி. பூசிய தாளைக் குழாய்க்குள் சுருட்டி வைத்து, நுளம்புகளை ஒரு மணி நேரம் அதற்குள் விட்டு, பிறகு வெளியே எடுத்து 24 மணி நேரம் காத்திருப்பார்கள். முன்பு அத்தனையும் கால் விறைத்துக் கிடக்கும். 1969இல் பல நுளம்புகள் எழுந்து பறந்தன.

தேயிலை மலைகளிலும் ஒரு பாடம் நடந்தது. கொப்பைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டி.டி.டி.யின் உறவான டீல்ட்ரின் அடித்தார்கள். அது மற்றப் பூச்சிகளைத் தின்று அடக்கிவைத்திருந்த ஒட்டுண்ணிகளையும் சேர்த்துக் கொன்றது. பிறகு தேயிலையைப் புழுக்கள் சூழ்ந்தன. நாட்டைக் காக்கும் மருந்தை வயலிலும் தோட்டத்திலும் கண்டபடி கொட்டினால் என்ன ஆகும் என்று இலங்கை இப்படித்தான் படித்தது. ஆகவே 1970களின் நடுவில் மலத்தியன் வந்தபோது, அதை மலேரியாவுக்கு மட்டுமே ஒதுக்கி, விவசாயத்துக்குத் தடுத்தார்கள். இந்த நாட்டில் பூச்சியியலாளர்களின் சொல் கேட்கப்பட்ட மிக நல்ல தருணம் அதுவென்பேன். மலத்தியன் பல ஆண்டுகள் வேலை செய்தது. பின்னால் மருந்துகளை மாற்றி மாற்றி அடித்தார்கள், மருந்தூட்டிய வலைகள் கொடுத்தார்கள். உள்நாட்டு யுத்தத்தின் நடுவிலும் வலைகளும் மருந்தும் வடக்குக்குப் போய்ச் சேர்ந்தன.

உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்டார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது.

சுவிட்சர்லாந்தில் பிறந்த தூள், 2004இல் நடைமுறைக்கு வந்த ஸ்டொக்ஹோம் உடன்படிக்கைக்குப் பிறகு, நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் அனுமதிக்கப்படுகிறது. இலங்கையில் அதன் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. பூச்சியியலாளர்களின் வேலை முடியவில்லை. ஐ.நா. அமைதிப்படைக்குப் போய்த் திரும்பும் இலங்கைச் சிப்பாய்களின் இரத்தம் மலேரியாவுக்காகச் சோதிக்கப்படுகிறது. 2016 டிசம்பரில், சான்றிதழ் கைக்கு வந்து மூன்று மாதத்தில், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற, நாட்டுக்குப் புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களின் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரும் இனம் அது. தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர் பலர் கரையிறங்கிக் காட்டுவழி நடக்கத் தொடங்கியதும் அதே மன்னாரில்தான். அந்த நடையில் காய்ச்சலுக்குப் பலியானவர்களில் பலரின் பெயர்கள் நமக்குத் தெரியாது. இப்போது அங்கே கிணறு கிணறாக வாளி இறக்கி, நுளம்புப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருக்கிற கிணற்றில் மீன் விடுகிறார்கள்.