படியாளும் பத்துப் படி ஏணியும்

மணவாள நகரில் விடியற்காலை என்பது தொழிற்சாலைப் பேருந்துகளின் நேரம். இரவு ஷிஃப்ட் முடிந்தவர்கள் இறங்குவார்கள், காலை ஷிஃப்டுக்குரியவர்கள் ஏறுவார்கள். அங்கே தேநீர்க் கடையில் நின்றபடி நண்பர்களுக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஓர் ஏணி. உச்சியில் உங்களால் நினைத்துப் பார்க்க முடிந்த மிக நல்ல வாழ்க்கை, அடியில் மிக மோசமான வாழ்க்கை. இன்று எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஏழு என்று சொன்ன நண்பர், மாதக் கடைசி என்பது நினைவுக்கு வந்ததும் ஐந்தாகக் குறைத்துக்கொண்டார்.

கேள்வி நம்முடையதன்று. பிரின்ஸ்டனில் பணியாற்றிய ஹாட்லி கேன்ட்ரில் என்ற உளவியலாளர் வகுத்தது. 1962-ல் இந்தியாவிலும் அந்த ஏணி காட்டப்பட்டது. நம் சராசரி 3.7; அமெரிக்கருடையது 6.6. உலக மகிழ்ச்சி அறிக்கையும் இதே ஏணியைத்தான் பயன்படுத்துகிறது. 2025 அறிக்கையில் 147 நாடுகளுள் இந்தியா 118-வது இடம் பெற்றது. நம் நாளிதழ்கள் வழக்கம்போல் கோபித்துக்கொண்டன.

நம் பக்கத்தில் இதைவிடப் பழைய முயற்சி ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்கென நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களின் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தனுப்பினார். காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, நெல்லையின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களின் நிலம், கூலி, கடன், உணவு ஆகியவை 1918-ல் நூலாயின. மகிழ்ச்சியாயிருக்கிறீர்களா என்று அந்த ஆய்வு கேட்கவில்லை. எப்படிப் பிழைக்கிறீர்கள் என்றே கேட்டது.

இருவேல்பட்டு அறிக்கையில் வரும் படியாட்களை எளிதில் மறக்க முடியாது. திருமணச் செலவுக்கென்று நிலக்காரரிடம் சிறு தொகை கடன் வாங்கியவன், அதைத் தீர்க்க வழியின்றி அவருக்கே உழைத்துக் கிடப்பான். அவனுக்குப் பின் அந்தக் கடமை மகனுக்கு. படி அளந்து கூலி பெற்றதால் படியாள். கேன்ட்ரிலின் ஏணியிலும் படிதான். சொல் ஒன்று என்பதற்கு மேல் இதில் பொருள் தேடவேண்டியதில்லை. அக்காலத்தில் கல்லூரி வரை வந்தவர்கள் பெரும்பாலும் நிலமும் உயர்சாதியும் உடைய வீட்டுப் பிள்ளைகள். பண்ணைவீட்டுத் தம்பி நோட்டுப் புத்தகத்துடன் வந்து நின்று, நீ எந்தப் படியில் இருக்கிறாய் என்று கேட்டிருந்தால், படியாள் என்ன சொல்லியிருப்பான்? "உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க சாமி" என்றுதான் சொல்லியிருப்பான் என்று எண்ணுகிறோம்.

இந்த ஐயம் நமக்கு மட்டும் தோன்றியதன்று. வங்கப் பஞ்சத்தை அடுத்து, 1944-ல் கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஓர் உடல்நலக் கணக்கெடுப்பு நடந்தது. அதை அமர்த்திய சென் எடுத்துக்காட்டுவதுண்டு. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் உடல்நலம் சரியில்லை அல்லது சுமார் என்றனர். கைம்பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு மட்டுமே. கைம்பெண்கள் அவ்வளவு நலமாக வாழ்ந்தார்கள் என்று எவரும் நம்பமாட்டார்கள். குறை என்று சொல்லத் தமக்கு உரிமை உண்டு என்பதையே அறியாதவர்களின் விடை அது. சென்னின் வாதம் இங்கிருந்தே கிளம்புகிறது: ஒடுக்கப்பட்டவர் தம் ஆசையைச் சுருக்கிக்கொண்டு நிறைவைச் சொன்னால், அந்த நிறைவை நல்வாழ்வின் அளவுகோலாகக் கொள்ளலாகாது.

ஆனால் ஏணியை அடியோடு தூக்கியெறியவும் நமக்கு மனமில்லை. 1962-ல் 3.7 என்ற எண் வந்ததே, ஏழைகளும் தம் குறையைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்குச் சான்றாகலாம். அந்த வகையில் குறைந்த மதிப்பெண் ஓரளவு நல்ல செய்தியே.

ஸ்லேட்டரின் ஊர்களுக்குப் பின்வந்தவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 1936-37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும், 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல், எண்பதுகளில் எஸ். குகன் முதலியோர். இருவேல்பட்டுக்கு 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகிய மூவர் சென்றனர். வேளாண்மை செழித்துவிட்டது என்று அவர்கள் எழுதவில்லை. நிலக்காரரின் பிடி தளர்ந்திருக்கிறது, தலித் மக்கள் ஆதிக்க சாதியைச் சார்ந்திருப்பது குறைந்திருக்கிறது என்று எழுதினார்கள். கல்யாணக் கடனுக்குத் தலைமுறையை அடகு வைத்த படியாள் முறை அங்கே இல்லை.