மூட்டையும் முதுகும்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் கடல் அலையடித்தது. கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் அது விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்டாகிறது. புராணமன்று, தோழர்களே! கல்லுக்குள் சிப்பி கிடக்கிறது; போய்ப் பார்க்கலாம்.

1979-ல் அரியலூரில் அரசு சிமெண்டு ஆலை எழுந்தது; தனியார் ஆலைகள் பின்தொடர்ந்தன. கல்லை உடைக்க, அரைக்க, சூளையில் சுட, எல்லாவற்றுக்கும் பொறி. மனிதக் கைக்கு மிஞ்சியது கடைசிக் கட்டம்: பையை நிரப்புவதும் லாரியில் ஏற்றுவதும்.

அக்கட்டத்தையும் பொறி விட்டுவைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் மூலையில் சிறு வாய் வைத்த பை பிறந்தது. நிரம்பியதும் உள்ளிருக்கும் சிமெண்டே அவ்வாயை அடைத்துவிடும். தைப்பவருக்கு வேலையில்லை. பின்னர், வட்டமாகச் சுழன்று மணிக்கு 2,000 மூட்டைக்கு மேல் நிரப்பும் பொறி வந்தது. இன்று பையைச் செருகவும், லாரியில் அடுக்கவும்கூட இரும்புக் கைகள் உண்டு.

பொறியை நாம் பழிக்கவில்லை. 50 கிலோ மூட்டையால் முதுகு ஒடிவதும், தூசியால் நெஞ்சு அடைப்பதும் எந்தத் தலைவிதியும் அன்று. ஒழியட்டும்!

ஆனால் ஏடு என்ன சொல்கிறது? 1950களின் இறுதியில் மத்திய அரசு அமைத்த சிமெண்டுத் தொழில் ஊதியக் குழு, ஒப்பந்தக் கூலிமுறை கூடாதென்றது. நன்று. கூடவே, ஏற்றி இறக்கும் வேலைக்கு மட்டும் விலக்கு என்றது! அந்த ஒரு வரி எவர் தலையில் விழுந்தது? மூட்டை சுமந்தவன் தலையில். ஆலையின் ஆட்பட்டியலில் அவன் பெயரில்லை. பொறி வந்தால் அவனை நீக்க ஆணை வேண்டியதில்லை. ஒப்பந்தக்காரர் மறுநாள் அழைக்காதிருந்தால் போதும்.