மலை ஏறி அடித்த 'லீ' டாங்கி!

அடர்ந்த காடு, செங்குத்தான மலை. அங்கே டாங்கி எப்படி ஏறும்? 1944-ல் மணிப்பூருக்குள் புகுந்த ஜப்பான் படையும் அப்படித்தான் நினைத்தது. இம்பால் அருகே நுன்ஷிகும் மலையைப் பிடித்து, உச்சியில் மரக்கட்டையும் மண்ணும் போட்டு பதுங்கு குழி அமைத்து உட்கார்ந்து விட்டது.

ஏப்ரல் 13-ந்தேதி பிரிட்டிஷ் படையின் 'லீ' டாங்கிகள் அந்த மலையில் ஏறின. கூடவே நம்ம டோக்ரா வீரர்கள்.

'லீ' அமெரிக்க தயாரிப்பு. இதுக்கு 2 பீரங்கி. மேலே சுழலும் கூண்டில் 37 மி.மீ. பீரங்கி. உடம்பின் வலது பக்கம் 75 மி.மீ. பீரங்கி. பெரிய பீரங்கியை கொஞ்சம்தான் திருப்ப முடியும். அதுக்கு மேல் வேண்டும் என்றால் வண்டியே திரும்பணும். ஐரோப்பாவில் பழசாகிப்போன வண்டிதான். ஆனால் பதுங்கு குழியை கிட்டப்போய் உடைக்க அது போதும்.

சிக்கல் வேறு. குறுகலான முகடு, சறுக்கினால் பள்ளம். உள்ளே இருந்து பார்த்தால் வழி தெரியாது. அதிகாரிகள் மூடியைத் திறந்து, தலையை வெளியே நீட்டித்தான் டிரைவருக்கு வழி சொன்னாங்க. ஜப்பான்காரர்கள் குறிவைத்து சுட்டனர். டாங்கிகளில் போன அதிகாரிகள் அத்தனை பேரும் பலி!

கடைசியில் கிராடக் என்ற சார்ஜெண்டு மேஜர் பொறுப்பேற்றார். டோக்ரா சுபேதாருடன் சேர்ந்து மலையைப் பிடித்தார்.

அதே ஆண்டு நடந்த கோகிமா சண்டையில் ஓடிய 'லீ' டாங்கி ஒன்று, அந்த ஊரில் இன்றும் நினைவுச் சின்னமாக நிற்கிறது.