மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய்

மெட்ராஸ் இயக்க நரம்பணு நோய் என்பது, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதால் இளம் வயதில் தோன்றும் ஓர் அரிய நோய். உலகின் வேறு சில நாடுகளிலிருந்தும் ஒன்றிரண்டு நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் வந்திருந்தாலும், இது மிகுதியாகக் காணப்பட்டது தென்னிந்தியாவில்தான். சென்னை மருத்துவர்களான மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், பி. ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970-இல் 'நியூராலஜி இந்தியா' இதழில் இதைத் தனி வகையாக விவரித்தனர். அதனால் நோய்க்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

இயக்க நரம்பணுக்களில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலடுக்கு மூளையின் புறணியில் தொடங்கித் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. கீழடுக்கு தண்டுவடத்தின் முன்கொம்பிலும் மூளைத்தண்டிலும் இருந்து நேரே தசைக்குச் செல்கிறது. கீழடுக்கு அழிந்தால் தசை மெலியும், தோலுக்கடியில் துடிக்கும். மேலடுக்கு அழிந்தால் கைகால் விறைக்கும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1869-இல் விளக்கிய ஏ.எல்.எஸ். நோயில் இரண்டு அடுக்குகளும் அழிகின்றன. அது பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வருவது. பலரின் உயிரை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் பறித்துவிடுகிறது.

சென்னையில் கண்ட நோயாளிகள் இந்த வரையறைக்குள் அடங்கவில்லை. பெரும்பாலோர்க்கு நோய் முப்பது வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தது. கைகால்களின் நுனிப்பகுதித் தசைகள் இருபுறமும் சமமில்லாமல் மெலிந்திருந்தன. முகம், நாக்கு, தொண்டை ஆகியவற்றின் தசைகளும் தளர்ந்ததால் பேச்சு குழறியது, விழுங்குவது கடினமாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பலருக்குக் காது கேட்காமல் போயிற்று. ஏ.எல்.எஸ். நோயில் செவிப்புலன் கெடுவதில்லை என்பதால், இந்த ஓர் அறிகுறியே நோயை அதிலிருந்து பிரித்தறியப் பெரிதும் உதவியது. பார்வை நரம்பும் சேர்ந்து நலியும் மாற்று வகை ஒன்று பின்னர் அடையாளம் காணப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் நளினி குழுவினர் 1971 முதல் 2007 வரை பதிவான 116 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையே இந்நோயைப் பற்றிய மிகப் பெரிய தொகுப்பு. நோய் பல பத்தாண்டுகள் மெதுவாக நகர்கிறது என்பதை அது உறுதிசெய்தது. பெரும்பாலோரின் குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லை. சில குடும்பங்களில் மட்டும் உடன்பிறந்தவர்களுக்கும் வந்திருந்தது.

காரணத்தைத் தேடிய முதல் ஆய்வுகள் உயிர்வேதியியல் சார்ந்தவை. 1973-இல் வால்மீகிநாதன் குழுவினர் சென்னை நோயாளிகளின் உடலில் பைருவேட், சிட்ரேட் போன்ற பொருள்களின் அளவுகளை ஆராய்ந்து, உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியில் கோளாறு இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தனர். 2000-இல் எஸ்.கே. சங்கர் குழுவினர் உடற்கூறு ஆய்வின் முடிவுகளை வெளியிட்டனர். முன்கொம்பு நரம்பணுக்கள் கடுமையாகக் குறைந்திருந்தன. அந்த இடத்தில் நரம்புத்தாங்கு அணுக்கள் பெருகியிருந்தன. செவி நரம்பின் கருவிலும் நரம்பணுக்கள் அழிந்திருந்தன. நோயாளியின் காது கேளாமைக்கு உடற்கூற்று ஆதாரம் கிடைத்தது இப்படித்தான். ஆனால் இறந்தவரின் தண்டுவடம் அழிவின் கடைசிக் கட்டத்தையே காட்டும். அழிவு எங்கே, எதனால் தொடங்கியது என்பதை அறிய உயிருள்ள அணுக்கள் தேவை.

அந்த வழியில் விரிவான ஓர் இந்திய முயற்சி, இதே நிம்ஹான்ஸில் ஏ.எல்.எஸ். நோய் குறித்து நடந்தது. டி.ஆர். ராஜு, டி.என். சத்யபிரபா ஆகியோரின் ஆய்வகம் 1990-களிலிருந்து ஒரே கேள்வியைத் தொடர்ந்தது: நோயாளியின் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரிலேயே நரம்பணுவைக் கெடுக்கும் பொருள் இருக்கிறதா? அந்த நீரைப் பிறந்த சில நாள்களேயான எலிக்குட்டிகளின் தண்டுவட உறைக்குள் செலுத்தியபோது, முன்கொம்பு நரம்பணுக்களில் நியூரோஃபிலமென்ட் என்னும் இழைப்புரதம் முறைகேடாகக் குவிந்தது. கோல்கி உறுப்பு துண்டு துண்டானது; சுற்றியுள்ள தாங்கு அணுக்கள் கிளர்ச்சியுற்றன. வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்பணுக்களும் இவ்வாறே சிதைந்தன. பின்னர் 2013-இல் அந்த நீரில் கைட்டோட்ரையோசிடேஸ் என்னும் நொதி மிகுந்திருப்பதை அவர்கள் கண்டனர். இது நரம்பு மண்டலத்தின் காவல் அணுக்களான மைக்ரோகிளியாவிலிருந்து வருவது. ஆகவே அழிவு நரம்பணுவின் உள்விவகாரம் மட்டுமன்று, சுற்றுப்புறமும் அதில் பங்கேற்கிறது என்ற கருத்து வலுப்பெற்றது. தட்டில் வளர்த்த அணுக்களுக்கு வி.இ.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தபோது சேதம் குறைந்ததும் 2011-இல் வெளியானது. ஆனால் தட்டில் காக்கும் பொருள் மனிதரையும் காக்கும் என்று கொள்ள முடியாது. பி.டி.என்.எஃப். என்னும் மற்றொரு வளர்ச்சிக் காரணி 1990-களில் ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, எதிர்பார்த்த பலனைத் தராமல் போனது.

உலக ஆய்வு மரபணுவைப் பற்றிக்கொண்டு முன்னேறியது. 1993-இல் ஏ.எல்.எஸ். நோயை உண்டாக்கும் எஸ்.ஓ.டி.1 மரபணுவின் மாற்றங்கள் கண்டறியப்பட்டன. மறு ஆண்டே அந்த மாற்றத்தைச் சுமக்கும் சுண்டெலி உருவானது. 2008-இல், 82 வயதான ஒரு பெண் நோயாளியின் தோல் அணுவிலிருந்து இயக்க நரம்பணு வளர்க்கப்பட்டது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் என்னும் மருந்து ஏ.எல்.எஸ். நோயாளிகளின் ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுகிறது. எஸ்.ஓ.டி.1 மாற்றம் உள்ள சிறு பகுதியினருக்கென 2023-இல் டோஃபர்சன் என்னும் மருந்து வந்தது. அதன் முதன்மைச் சோதனையில் உடலியக்கம் எதிர்பார்த்தபடி மேம்படவில்லை. ஆயினும் நோயாளிகளின் நியூரோஃபிலமென்ட் அளவு குறைந்ததைக் கொண்டே விரைவு அனுமதி தரப்பட்டது. பெங்களூரு எலிகளின் நரம்பணுவில் குவிந்து கிடந்ததும் அதே புரத இழைதான்.

மெட்ராஸ் நோய்க்கு மிக நெருங்கிய பாடம் வேறொரு நோயிலிருந்து வந்தது. பிரௌன்-வியலெட்டோ-வான் லேர் நோயிலும் காது கேளாமையும் தொண்டைத் தசைத் தளர்ச்சியும் சேர்ந்தே வரும். ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமினை அணுவுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தின் மரபணுக்களில் கோளாறு இருப்பதே அதற்குக் காரணம் என்பது 2010-க்குப் பின் தெளிவானது. அதிக அளவில் இந்த வைட்டமினைக் கொடுத்தால் பலர் தேறுகின்றனர். எனவே ஐயம் எழுந்ததுமே, மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவதே இப்போதைய பரிந்துரை. மெட்ராஸ் நோயும் இதுவேயோ என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. நளினி குழுவினர் 2013-இல் நோயாளிகளின் மரபணுக்களைப் பரிசோதித்து, இரண்டும் வேறு வேறு நோய்கள் என்று தெரிவித்தனர். அந்த முடிவு ஒரு வாசலை அடைத்தது உண்மை. ஆனால் இளம் வயதில் செவிப்புலனும் தசை வலிமையும் சேர்ந்து குறையும் ஒருவருக்கு, வைட்டமினால் குணமாகக்கூடிய நோயை முதலில் தேடிப் பார்க்க வேண்டும் என்ற கடமையையும் அது மருத்துவருக்கு நினைவூட்டுகிறது.

மெட்ராஸ் நோய்க்கென்று தனி மருந்து ஏதும் இல்லை. இயன்முறைப் பயிற்சி, செவிக்கருவி, விழுங்குவதில் எச்சரிக்கை, மார்புத் தொற்றை உடனே கவனித்தல் ஆகியவையே பராமரிப்பு. ஓர் எலியில் இந்த நோயை மரபணு வழியே மறு உருவாக்கம் செய்ய அதன் காரண மரபணு முதலில் தெரிய வேண்டும். ஆனால் ஏ.எல்.எஸ். ஆய்வுக்கு 1993-இல் கிட்டிய தொடக்கப்புள்ளி இந்நோய்க்கு வாய்க்கவில்லை. ஒரே குடும்பத்தில் பலரைத் தாக்கும் அரிய வடிவங்களும், நோயாளியின் தோல் அணுவிலிருந்து நரம்பணுவை வளர்க்கும் முறையும் அதைத் தேடுவதற்கான வழிகள்.